சென்னையிலிருந்து மியூனிக்குக்கு 5 பூனைகள்: எதை எப்போது தொடங்க வேண்டும்?

கேள்வி: வேளச்சேரி_பூனைவீடு

வணக்கம். நானும் கணவரும் செப்டம்பர் நடுவில் வேலைக்காக ஜெர்மனியின் மியூனிக் போகிறோம். வீட்டில் 5 பூனைகள். நான்கு பெரியவை, வருஷம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறது, ஆனால் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப் எதற்கும் இல்லை. ஐந்தாவது 8 வாரக் குட்டி. இப்போது ஜனவரி முதல் வாரம். ஐந்தையும் ஒரே பயணத்தில் கூட்டிப்போக முடியுமா? எதிலிருந்து தொடங்குவது? ஒன்றைக்கூட விட்டுவிட்டுப் போக மனமில்லை.

பதில் 1: ஊசிமருந்து

முடியும். ஆனால் கணக்கைக் குட்டியிலிருந்து போடுங்கள். உங்கள் பயணத் தேதியை முடிவு செய்யப்போவது அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இது: முதலில் மைக்ரோசிப் (ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரம், 15 இலக்க எண்), அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி. ஊசி போடும்போது பூனைக்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ரேபிஸ் விஷயத்தில் இந்தியா அவர்களுடைய நம்பகமான நாடுகள் பட்டியலில் இல்லாததால், ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மில்லிக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் எதிர்ப்புச் சக்தி இருந்தால் தேர்ச்சி. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் கழித்தே உள்ளே விடுவார்கள். ரத்தம் எடுக்கும்போதே ரேபிஸ் தொற்று இருந்திருந்தால் அந்தக் காத்திருப்பில் வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். பலர் இந்த 3 மாதத்தை ரிசல்ட் வந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வீணாகக் காத்திருக்கிறார்கள்.

பெரிய பூனைகளுக்கு இதுவரை போட்ட ஊசிகள் சிப்புக்கு முந்தியவை, அதனால் கணக்கில் வராது. இந்த வாரமே சிப் வைத்து, ரீடரில் எண் வருகிறதா என்று பார்த்து, அன்றே ரேபிஸ் ஊசி போட்டுவிடுங்கள். சட்டத்தின் கண்ணில் அது முதல் ஊசி. உடம்புக்கு அது பூஸ்டர். அதனால் ஒரே ஊசியில் எதிர்ப்புச் சக்தியின் அளவு நன்றாக ஏறும். பிப்ரவரி நடுவில் ரத்தம் எடுத்துவிடலாம்.

குட்டிக்குக் கதை வேறு. பிப்ரவரி முதல் வாரம் 12 வாரம் ஆகிறது. அன்று சிப், முதல் ஊசி. முதல்முறை ஊசி போட்ட பூனைகள்தான் அதிகம் 0.5-ஐத் தொடாமல் போகின்றன. அதனால் 3 வாரம் கழித்து இன்னொரு ஊசி, அதிலிருந்து 30 நாள் எண்ணி மார்ச் கடைசியில் ரத்தம். தேறினால் ஜூன் கடைசியில் குட்டி தயார். தேறாவிட்டால் ஏப்ரல் கடைசியில் பூஸ்டர், மே கடைசியில் மறுபடி ரத்தம். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடியும். ஒரு தடவை தவறத்தான் அவகாசம் இருக்கிறது, இரண்டு தடவைக்கு இல்லை.

செலவு மிச்சம் என்று ஐந்துக்கும் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்ப மார்ச் வரை காத்திருக்காதீர்கள். பெரியவற்றில் ஒன்று தவறினால் அப்போதும் நாள் கையில் இருக்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் நாளில் சிப்பை மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிப் தோள்பக்கம் நகர்ந்திருக்கலாம். கழுத்தில் மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்பார்கள். ரத்தத்தைக் குலுக்காமல் உறையவிட்டு, சுழற்றி சீரத்தை (மேலே தெளியும் நீரை) பிரித்து, குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும். சிவந்துபோன சீரத்தை ஆய்வகம் திருப்பிவிடலாம். குழாயிலும் படிவத்திலும் 15 இலக்கத்தையும் நீங்களே ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடுங்கள். ஐந்து பூனை இருக்கும் வீட்டில் இரண்டு எண் இடம் மாறுவது சுலபம்.

ஒருமுறை தேறிவிட்டால், அதன்பின் பூஸ்டர் தேதி தவறாதவரை இந்த டெஸ்டைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

பதில் 2: மீனம்பாக்கம்_டெர்மினல்

மேலே சொன்னதோட பேப்பர், விமானம் ரெண்டையும் சேர்த்துக்கோங்க.

சொந்தப் பூனைங்க என்ற கணக்குல ஒரு ஆள் 5 வரைக்கும் கொண்டு போகலாம். அதுக்கு மேல போனா வியாபார இறக்குமதி விதிக்குள்ள தள்ளிடுவாங்க. நீங்க அந்த எல்லையிலேயே இருக்கீங்க, ஆறாவது வேண்டாம்.

ஐரோப்பியப் படிவத்துல வர்ற ஹெல்த் சர்டிபிகேட்டை அரசு கால்நடை அதிகாரி கையெழுத்து போட்டுத் தரணும். சென்னையில அது பள்ளிக்கரணையில இருக்கிற விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகம். தேதியிலிருந்து 10 நாளுக்குள்ள ஐரோப்பாவுல இறங்கியாகணும். அதனால ரொம்ப முன்னாடியும் வாங்காதீங்க, கடைசி நாளுக்கும் விடாதீங்க; எழுத்துப் பிழை வந்தா திருத்த ரெண்டு நாள் வேணும். ஜெர்மன்–ஆங்கிலம் ரெண்டும் இருக்கிற படிவத்தையே எடுத்துட்டுப் போங்க.

ஜெர்மன் விமான நிறுவனம் லுஃப்தான்சாவுல சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கு. கேபின்ல பையோட சேர்த்து 8 கிலோ வரைதான். ஒரு விமானத்துல கேபினுக்கு ஏத்துற பிராணிகளோட எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. போன் பண்ணி இடம் உறுதியான பிறகுதான் டிக்கெட் எடுக்கணும். உங்க ரெண்டு பேருக்கு ரெண்டு பூனை மேல கேபின்ல, மூணு கீழ சரக்கு அறையிலன்னு வெச்சுக்கோங்க.

கீழ போற கூண்டு கெட்டியான பிளாஸ்டிக்கா, நாலு பக்கமும் காத்து வர்ற மாதிரி, மேல்பாதியும் கீழ்பாதியும் நட்டு போல்ட்ல இறுகினதா இருக்கணும். கிளிப் மட்டும் இருக்கிறதை கவுன்ட்டர்ல மறுப்பாங்க. நீளத்துக்கு மூக்கிலிருந்து வால் தொடங்குற இடம் வரைக்கும் அளந்து, முன்னங்கால் உயரத்துல பாதியைக் கூட்டுங்க. தோள் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு அகலம். தண்ணிக் கிண்ணம் கதவுலயே மாட்டினதா, வெளியிலிருந்து ஊத்துற மாதிரி இருக்கணும்.

செக்யூரிட்டியில பூனையை வெளிய எடுத்துட்டுப் பையை மட்டும் எக்ஸ்ரேயில விடுவாங்க. அந்த ஒரு நிமிஷம்தான் பெரிய ஆபத்து. வீட்டிலேயே ஹார்னஸ் (மார்புப் பட்டை) மாட்டி, கயிற்றை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கோங்க. தனி அறை கேளுங்க.

மயக்க மருந்து கொடுத்த பூனையை விமான நிறுவனங்கள் ஏத்தாது. கூண்டை இப்பவே ஹாலில் திறந்து வெச்சு உள்ளேயே சோறு வையுங்க, அதுதான் மருந்து.

பிராங்பர்ட்ல இறங்கினதும் சுங்கத்துல சிவப்பு வழியில போய் நீங்களே சொல்லணும். பேப்பர் சரியில்லேன்னா திருப்பி அனுப்புறது, இல்லேன்னா உங்க செலவுல தனிமைப்படுத்துறது. அங்கிருந்து மியூனிக்குக்கு ரயில்தான் வசதி. கூடைக்குள்ள இருக்கிற பூனைக்கு டிக்கெட் கிடையாது.

பதில் 3: இசார்_கரை

ஜெர்மனியில் இறங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை.

இறைச்சி, பால் கலந்த தீனியை இந்தியாவிலிருந்து கொண்டுவர முடியாது. மருத்துவக் காரணத்துக்கான தீனிக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு. ஆகவே இங்கேயும் கிடைக்கும் பிராண்டுக்கு ஆகஸ்டிலேயே, 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றிவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் "நாய் பூனை கூடவே கூடாது" என்று ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது செல்லாது என்று 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக ஐந்து பூனையையும் மறைத்துக் குடியேறாதீர்கள். அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு வீட்டையும் தனியாக எடைபோடச் சொல்கிறது. எண்ணிக்கையும் அந்த எடையில் வரும். எண்ணிக்கையைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

மிக முக்கியமானது ஜன்னல். இங்குள்ள ஜன்னல்கள் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து திறக்கும். பூனை அந்த இடுக்கில் ஏறி வெளியே போகப் பார்த்து, வழுக்கி, இடுக்கு கீழே குறுகும் முனையில் இடுப்போடு சிக்கிக்கொள்ளும். உதற உதற இன்னும் இறுகும். தண்டுவடம் நசுங்கிச் செத்தும் போகின்றன. இரு பக்கமும் மாட்டுகிற தடுப்புக் கம்பி கடைகளில் விற்கிறார்கள். அது மாட்டும்வரை ஒரு ஜன்னலையும் சாய்க்காதீர்கள்.

வேளச்சேரி_பூனைவீடு

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நாளைக்கே சிப்புக்குப் போகிறோம். ஒரு சந்தேகம்: கேபினில் எந்த இரண்டை வைப்பது? ஒன்று பெர்சியன், 7 வயது.

மீனம்பாக்கம்_டெர்மினல்

பெர்சியன் கண்டிப்பா மேலதான். மூக்கு சப்பையான இனங்களுக்குச் சூட்டுலயும் பதட்டத்துலயும் மூச்சு வாங்கும். பல நிறுவனங்கள் அதுகளைக் கீழ ஏத்துறதே இல்ல. ரெண்டாவது இடம் ரொம்பப் பயப்படுறதுக்கு. இன்னிக்கே பெர்சியனைப் பையோட தராசுல வெச்சுப் பாருங்க. 8 கிலோவைத் தாண்டினா மெலிசான பை வாங்கவோ, டாக்டர்கிட்ட கேட்டு மெதுவா எடை குறைக்கவோ உங்களுக்கு 8 மாசம் இருக்கு.