உதவி: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி, சாவி போட்டால் டக் என்று நிற்கிறது. அவசரம்

கோல்போஸ்ட் | சனி, காலை 6:52
எங்கள் கிளப் மைதானத்தில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி மெஷின் ஒன்று இருக்கிறது. பழசு. சாவியைத் திருகினால் டக் என்று நின்றுவிடுகிறது. பேட்டரி புதுசு. அடுத்த ஞாயிறு டோர்னமென்ட் தொடங்குகிறது, மழை விட்டதில் புல் முழங்கால் உயரம். பந்து போட்டால் தேடத்தான் வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

14ஆம்_நம்பர்_ஸ்பேனர் | சனி, காலை 7:20
என்ன எஞ்சின், எந்த வருஷம்? டக் சத்தம் எங்கே இருந்து வருகிறது, சீட்டுக்கு அடியிலா எஞ்சினிலா? கடைசியாக எப்போது ஓடியது? இது எதுவுமே சொல்லாமல் "பழசு" என்றால் என்ன சொல்வது மக்கா?

எத்தனால்_எதிரி | சனி, காலை 7:41
பெட்ரோல்தான். வேறு எதையும் பார்க்க வேண்டாம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த மாதிரி எஞ்சின் கையேட்டில் 10 சதவீதம் வரை என்றுதான் போட்டிருப்பான். இரண்டு மழைக்காலமும் பெய்கிற ஊரில் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் ஈரத்தை இழுத்து, தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டேங்கைக் காலி செய்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள், கோடு தெரியும்.

தக்கலை_ஆட்டோ_எலக்ட்ரீசியன் | சனி, காலை 8:05
பெட்ரோல் கெட்டிருந்தால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. இவர் சுற்றவே இல்லை என்கிறார். ரெண்டும் வேறு வேறு.

மைதானம் கடலோரமா? அப்படியானால் எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரி மைனஸில் இருந்து சேஸிஸுக்குப் போகும் அந்தத் தடித்த வயர், போல்ட்டுக்கு அடியில் உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி மைனஸில் இருந்து நேரே எஞ்சின் போல்ட் ஒன்றில் கொடுத்து சாவி போடுங்கள். சுற்றினால் எர்த் கோளாறு. மீட்டர் இருந்தால் பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். புதுசு என்பது ஒரு அளவு இல்லை, போன மாதம் நான் ஒருவருக்குப் போட்ட புதுசே கடையில் ஒரு வருஷம் தூங்கினதுதான்.

பழைய_இரும்பு | சனி, காலை 9:30
மன்றத்தின் இந்தப் பகுதியின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன், யாரும் வாசிப்பதில்லை. மாடல் நம்பர் இல்லாமல் எஞ்சின் கேள்வி கேட்பது, டாக்டருக்குப் போன் போட்டு "வலிக்குது" என்று சொல்லிவிட்டு வைப்பதற்குச் சமம்.

எஞ்சின் மேல்தகட்டிலோ வால்வு மூடியிலோ மாடல், டைப், கோட் என்று மூன்று நம்பர் அடித்திருக்கும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்றால் கோடின் முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு மாதம், அப்புறம் தேதி. மாடலின் முதல் இரண்டு இலக்கம் கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு. இது அடிப்படை. இதைக்கூடத் தெரியாமல் மைதானத்தில் மெஷின் வாங்கிப் போடுகிறார்கள்.

ரப்பர்_பால் | சனி, காலை 10:12
உதவி இல்லை, ஒரு சந்தேகம் மட்டும். இந்த மெஷினை நம்ம ஊரில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்களா? எனக்கு அருமனைப் பக்கம் ரப்பர் விளை, தோளில் போடும் காடுவெட்டி மெஷின் வைத்துத்தான் ஓட்டுகிறேன். சரிவில் இந்த வண்டி கவிழும் அல்லவா?

மஸ்கட்_ரிட்டர்ன் | சனி, பகல் 1:15
சரிவில் கவிழும், 15 டிகிரிக்கு மேல் ஏற்றவே கூடாது. மைதானம் என்றால் பிரச்சினை இல்லை.

கோல்போஸ்ட் தம்பி, நான் 14 வருஷம் மஸ்கட்டில் ஹோட்டல் தோட்டங்களில் இந்த மெஷின்களோடுதான் கிடந்தேன். மூன்று விஷயம் சொல்லுங்கள், அதற்கு முன்னால் ஒரு சாமானும் வாங்க வேண்டாம்.

வெறும் டக் சத்தம் மட்டுமா, அல்லது எஞ்சின் அரைச் சுற்று சுற்றி எதிலோ முட்டின மாதிரி நிற்கிறதா?

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு சாவி போட்டால் சுற்றுகிறதா? (பிளக் வயரை ஒதுக்கி வையுங்கள், ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. கார்புரேட்டர் ஊசி ஒழுகியிருந்தால் சிலிண்டர் நிறையப் பெட்ரோல் இருக்கும், பீச்சி அடிக்கும்.)

கடைசியாக ஓடியதற்கும் இப்போது ஓடாததற்கும் நடுவில் யாராவது எஞ்சினைத் திறந்தார்களா?

கோல்போஸ்ட் | சனி, இரவு 9:48
மன்னிக்கவும், வீட்டில் மீன்வலை வேலை இருந்தது. கொல்லங்கோடு பக்கம், கடல் 300 மீட்டர்.

பிரிக்ஸ்தான். மாடல் 31-இல் தொடங்குகிறது. கோட் 03-இல்.

அரைச் சுற்று சுற்றி முட்டி நிற்கிறது, ஆமாம். பேட்டரி 12.7. ஜம்பர் கொடுத்தும் அதே கதை. பிளக்கைக் கழற்றினால் காற்றாடி மாதிரி சுற்றுகிறது, பெட்ரோல் ஒன்றும் வரவில்லை.

ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் தலைக்கு அடியில் வைக்கும் தகடு) மாற்றினோம், அதற்கப்புறம்தான் இப்படி. அதைச் சொன்னேன் என்று நினைத்தேன்.

14ஆம்_நம்பர்_ஸ்பேனர் | சனி, இரவு 9:55
எங்கே சொன்னீர்கள்!

தக்கலை_ஆட்டோ_எலக்ட்ரீசியன் | சனி, இரவு 10:02
சரி, எர்த் இல்லை. ஆனாலும் அந்த போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டு, கிரீஸ் தடவி மாட்டுங்கள். 300 மீட்டர் என்றால் இன்று இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு என்னிடம் வருவீர்கள்.

பழைய_இரும்பு | சனி, இரவு 10:20
ஸ்டார்ட்டர் மோட்டார் தளர்ந்துவிட்டது. பாரம் இல்லாமல் சுற்றும், பாரம் வந்தால் நிற்கும். இது பாலிடெக்னிக் முதல் வருஷப் பாடம். புதுசு வாங்கிப் போடுங்கள், முடிந்தது.

மஸ்கட்_ரிட்டர்ன் | சனி, இரவு 11:06
அவசரப்பட்டு வாங்க வேண்டாம். நானும் முதல் வருஷம் இதே மாதிரி ஒரு மெஷினுக்கு ஸ்டார்ட்டரும் பேட்டரியும் மாற்றி, சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினவன்தான்.

இது 31 கன அங்குலம், அதாவது சுமார் 500 சிசி, ஒரே பிஸ்டன். அவ்வளவு பெரிய பிஸ்டனை, சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் கம்ப்ரெஷனுக்கு எதிராகத் தள்ள அந்தச் சின்ன ஸ்டார்ட்டரால் முடியாது. அதனால் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு வால்வை மயிரிழை தூக்கிப் பிடித்துக் காற்றைக் கொஞ்சம் வெளியே விடும். எஞ்சின் வேகம் பிடித்ததும் தானே ஒதுங்கிவிடும்.

அந்தத் தூக்கல் மிகவும் கொஞ்சம். டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் விடும் சந்து, அதிகமாகிவிட்டால் அந்தத் தூக்கல் முழுவதும் இடைவெளியிலேயே போய்விடும், வால்வு அசையாது. முழுக் கம்ப்ரெஷன் வந்து பிஸ்டன் முட்டி நிற்கும். பார்க்கிறவர்களுக்குப் பேட்டரி போன மாதிரியே இருக்கும்.

ஹெட்டைக் கழற்றி மாட்டினவர் டேப்பட்டை எதை வைத்துப் பார்த்தார்?

கோல்போஸ்ட் | ஞாயிறு, காலை 6:10
கல்யாணப் பத்திரிகை அட்டை.

14ஆம்_நம்பர்_ஸ்பேனர் | ஞாயிறு, காலை 7:30
சிரிக்காதீர்கள், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பைக்கில் நாங்களும் கொஞ்சம் லூசாகத்தான் விடுவோம். டைட்டாக வைத்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்பதுதான் எங்கள் கணக்கு. 100 சிசி வண்டியில் அது ஓடும். இந்த மெஷினில் அந்தக் கணக்கு உதைக்கிறது, எனக்கே இது புதுசு.

மஸ்கட்_ரிட்டர்ன் | ஞாயிறு, காலை 8:15
அதேதான். இனி வேலைக்கு வருவோம்.

எஞ்சின் ஆறினதும் பிளக்கைக் கழற்றுங்கள். வால்வு மூடியின் நான்கு போல்ட்டை எடுத்து மெல்ல நெம்புங்கள், கேஸ்கெட் கிழியாமல் வந்தால் திரும்பப் போடலாம். எஞ்சின் மேலே இருக்கும் வலைத்தட்டைக் கையால் வலப்பக்கமாகச் சுற்றுங்கள். பிளக் ஓட்டை வழியாக பிஸ்டன் மேலே வருவது தெரிய நீளமான ஸ்குரூடிரைவரை விடுங்கள். ஈர்க்குச்சியை விடாதீர்கள், ஒடிந்து உள்ளே விழுந்தால் மறுபடியும் ஹெட்டைக் கழற்ற வேண்டும், ஒருவன் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்றில் பிஸ்டன் உச்சிக்கு வந்து, அதன் பிறகு 6 மில்லிமீட்டர் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். உச்சியிலேயே வைத்துப் பார்த்தால் நான் சொன்ன அந்தத் தூக்கல் குறுக்கே வரும், அளவு தப்பும்.

இன்டேக் 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.15. கார்புரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக், சைலன்சர் பக்கம் எக்ஸாஸ்ட், மாற்றிவிடாதீர்கள். இடைவெளி அளக்கும் பில்லர் கேஜ் தகடு உள்ளே போகும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி இல்லை, மர டிராயரை இழுக்கிற மாதிரி. நட்டை இறுக்கின பிறகு இன்னொரு தடவை அளங்கள், இறுக்கும்போது நகரும். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு மூன்றாவது தடவையும் பாருங்கள். பிளக் இடைவெளி 0.76, போகிற போக்கில் அதையும் பார்த்துவிடுங்கள்.

கோல்போஸ்ட் | ஞாயிறு, காலை 8:40
பில்லர் கேஜ் எங்கே கிடைக்கும்?

தக்கலை_ஆட்டோ_எலக்ட்ரீசியன் | ஞாயிறு, காலை 8:52
நாகர்கோவிலில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும்.

விளவங்கோட்டான் | ஞாயிறு, காலை 9:05
கொல்லங்கோட்டில் இருந்து நாகர்கோவிலா? திருவனந்தபுரத்தில் 'சாலை' என்கிற மார்க்கெட்டுக்குப் போனால் கேஜும் கிடைக்கும், புல்வெட்டிக்கு பெல்ட்டும் கிடைக்கும், திரும்பும்போது மீன் கறிக்கு நல்ல குடம்புளியும் வாங்கலாம்.

14ஆம்_நம்பர்_ஸ்பேனர் | ஞாயிறு, காலை 9:11
1956 நவம்பர் 1-லேயே குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாகிவிட்டது. சாமான் வாங்க மட்டும் இன்னும் சாலைக்குத்தானா ஓய்?

விளவங்கோட்டான் | ஞாயிறு, காலை 9:18
சேர்ந்தது நாங்கள். எங்கள் பஸ் சேரவில்லை. கேரள எல்லையில், களியிக்காவிளையில் நின்று பாருங்கள், எந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் இடம் கிடைக்கிறது என்று.

தக்கலை_ஆட்டோ_எலக்ட்ரீசியன் | ஞாயிறு, காலை 9:30
மார்த்தாண்டத்திலேயே கிடைக்குமே. மேம்பாலம் ஏறாமல் கீழே போனால் போதும்.

விளவங்கோட்டான் | ஞாயிறு, காலை 9:34
மார்த்தாண்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் நான் மொட்டை அடிக்கிறேன்.

எத்தனால்_எதிரி | ஞாயிறு, காலை 10:00
எல்லாம் சரி செய்தாலும் அந்தப் பெட்ரோலைப் போட்டால் அடுத்த மாதம் ரப்பர் ஹோஸ் ஊறிப் பிசுபிசுத்துவிடும். சொல்லி வைக்கிறேன்.

பழைய_இரும்பு | ஞாயிறு, காலை 10:25
எத்தனாலையும் எல்லையையும் வேறு இழையில் பேசுங்கள். ஸ்டார்ட்டர்தான் என்று நான் இன்னும் சொல்கிறேன்.

ரப்பர்_பால் | ஞாயிறு, மாலை 4:40
சரி, இன்னொரு சந்தேகம். மைதானத்தில் முழங்கால் உயரப் புல்லை ஒரே வெட்டில் எடுத்தால் பிளேடு திணறாதா? என் மெஷினில் நான் இரண்டு தடவையாகத்தான் எடுப்பேன்.

மஸ்கட்_ரிட்டர்ன் | ஞாயிறு, மாலை 6:02
திணறும். முதலில் டெக்கை (பிளேடை மூடியிருக்கும் அடிக்கூடு) உச்சியில் வைத்து ஒரு சுற்று, இரண்டு நாள் கழித்து இறக்கி ஒரு சுற்று. அதற்கு முன்னால் பையன்களை வரிசையாக நடக்கவிட்டு தேங்காய்த் தொண்டு, கல், உடைந்த கண்ணாடி எல்லாம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த பிளேடில் அடிபட்டுத் தெறிக்கும் கல் கோல்கீப்பரைப் பார்த்து வராது. டெக்குக்கு அடியில் கை விடுவதாக இருந்தால் முதலில் பிளக் வயரைக் கழற்றுங்கள்.

14ஆம்_நம்பர்_ஸ்பேனர் | செவ்வாய், இரவு 8:30
கோல்போஸ்ட், என்ன ஆச்சு?

மஸ்கட்_ரிட்டர்ன் | வியாழன், காலை 7:00
தம்பி, உயிரோடு இருக்கிறீர்களா?

கோல்போஸ்ட் | வெள்ளி, இரவு 11:32
ஓடுகிறது. இன்டேக் 0.35 இருந்தது, எக்ஸாஸ்ட் 0.30. செட் பண்ணினதும் முதல் சாவியிலேயே பிடித்தது. கேஜ் மார்த்தாண்டத்தில் வாங்கினேன், திங்கள்கிழமை. ஒரு பாதி வெட்டியாகிவிட்டது, மறு பாதி நாளை காலையில். நன்றி.

விளவங்கோட்டான் | வெள்ளி, இரவு 11:40
திங்கள்கிழமை என்பதைக் கவனிக்கவும்.

பழைய_இரும்பு | சனி, காலை 6:15
ஸ்டார்ட்டரையும் ஒரு தடவை கழற்றி உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் பார்த்து வையுங்கள்.

ரப்பர்_பால் | சனி, காலை 8:20
அந்த மெஷினை எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று சொல்லவே இல்லையே?