அந்த 20 நிமிட ஓட்டத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே. ‘கவுச் டு ஃபைவ் கே’ என்கிற, புதியவர்களை 5 கிலோமீட்டர் ஓடப் பழக்கும் 9 வாரத் திட்டத்தில் நானும் அக்காவும் ஐந்தாம் வாரத்தில் நிற்கிறோம். இரண்டாம் நாள் 8 நிமிடம் ஓடி, 5 நிமிடம் நடந்து, மறுபடி 8 நிமிடம், அது சரி. மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்கிறார்கள், எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ! பேசிக்கொண்டே ஓடுகிற வேகம் போதும் என்கிறார்கள், ஆனால் அக்கா வேகம் வேறு, என் வேகம் வேறு. ஜோடியாகத் தொடங்கியவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே ஓடினீர்களா, அவரவர் வேகத்தில் ஓடிக் கடைசியில் சந்தித்தீர்களா? முடியாவிட்டால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாமா? அப்புறம், பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் விடியற்காலையில் ஓடும் புதியவர்கள், முக்கியமாகப் பெண்கள், இருந்தால் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலில் வேண்டாம், சாலையில்தான்.