கினிப்பன்றிக்குப் பல் பார்க்கும் மருத்துவர் இந்தப் பக்கம் உண்டா?

வணக்கம். பெருந்துறையில் இருக்கிறோம். மகள் வளர்க்கும் இரண்டு கினிப்பன்றிகளில் பெட்டை சரியாகத் தின்பதில்லை. கேரட்டை ஆவலாக வந்து வாங்குகிறது. ஒரு கடி கடித்துக் கீழே போட்டுவிடுகிறது. தாடையடியில் முடி எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடக்கிறது.

இவற்றின் பல் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயவேண்டும். கடைவாய்ப் பல் நீண்டு நாக்கை மறிக்கிறதோ என்று சந்தேகம். உள்ளூர் மருத்துவர் ஆடு மாடு என்றால் பிரமாதமாகப் பார்ப்பார், இதற்குத் தயங்குகிறார். குறை சொல்லவில்லை, வாய் அத்தனை சிறிது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கோவைக்கோ யாராவது கொண்டுபோயிருக்கிறீர்களா? ஒரு நாள் பட்டினி கிடந்தாலே இவற்றின் குடல் இயக்கம் நின்றுபோகலாம் என்பதால் சீக்கிரம் சொல்லுங்கள். இப்போதைக்குத் தீவனத்தைக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டுகிறோம். "பெருக்கானுக்குப் (பெருச்சாளிக்குப்) பால்சோறா?" என்கிறார் அமிச்சி (அம்மாவின் அம்மா).

வைட்டமின் சி இவற்றின் உடம்பில் உற்பத்தியாகாது. அதற்குக் குடைமிளகாய் தருகிறோம். அருகம்புல்லும் உண்டு. உலர்புல் விலைதான் கட்டுப்படியாகவில்லை. இளஞ்சோளப் பயிரில் நஞ்சு இருக்கும் என்பது தெரியும். நன்றாகக் காய்ந்த சோளத்தட்டை நறுக்கிப் போட்டவர்கள் இருக்கிறீர்களா?