'டாக்டர் ஷிவாகோ': கேமரா பால்கனியில் நிற்கலாமா?

மஸ்கெலியாக்காரன்
போன ஞாயிற்றுக்கிழமை இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் வாசகர் வட்டம் 'டாக்டர் ஷிவாகோ' படத்தைத் திரையிட்டது. டேவிட் லீன் 1965இல் எடுத்தது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ரஷ்யப் புரட்சிக்குள் அகப்பட்டுக்கொண்ட ஒரு மருத்துவர், அவர் மனைவி தோன்யா, அவர் நேசித்த லாரா, இவர்கள் கதை. முடிந்தபோது பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மாஸ்கோ தெருவில், பனி இரவில், தொழிலாளர்கள் கொடி பிடித்துப் பாடிக்கொண்டு வருகிறார்கள். குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு பாய்கிறது. சரியாக அந்த நேரத்தில் கேமரா தெருவை விட்டுவிட்டு, மேலே பால்கனியில் நிற்கும் ஷிவாகோவின் முகத்துக்குப் போய்விடுகிறது. வெட்டுப்படுகிறவர்களுடைய ஓலம் மட்டும் நமக்கு. அவர்கள் யார், எந்த ஆலையில் வேலை, வீட்டில் எத்தனை பேர், ஒன்றும் தெரியாது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தனைப் பொலிஸ் சுட்டதை ஒருவர் படமாக எடுத்து, பங்களா ஜன்னலில் நின்ற ஒரு நல்ல மனிதரின் கலங்கிய கண்ணை மட்டும் காட்டினால் நாம் ஒத்துக்கொள்வோமா? சாதாரண மக்களின் படம் என்று இதைச் சொல்லாதீர்கள்.

பதுளை டீச்சர்
தம்பி, காட்சியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஷிவாகோ பால்கனியிலேயே நிற்கவில்லை. கீழே இறங்கி, விழுந்து கிடப்பவர்களுக்கு மருந்து கட்டப் போகிறார், உள்ளே போ என்று படையாள் விரட்டுகிறான். அப்புறம் அதே ஊர்வலத்தில் வந்த, லாராவை விரும்பும் பாஷா, முகத்தில் வாள் வெட்டோடு லாராவிடம் போய் நிற்கிறான். காயத்துக்கு மருந்து போடச் சொல்கிறான், ஒளித்து வைக்கத் துப்பாக்கியும் கொடுக்கிறான். பின்னால் ஸ்ட்ரெல்னிகோவ் என்ற பெயரில் கிராமங்களை எரிப்பவனும் அவன்தான். தெருவில் நடந்தவர்களைப் படம் மறந்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இரத்தத்தைக் காட்டாததுதான் அந்தக் காட்சியின் பலம் என்பேன். காட்டியிருந்தால் அது சண்டைக் காட்சியாகப் போயிருக்கும். கோச்சிக் (ரயில்) காட்சியையும் நினைத்துப் பாருங்கள். எரிந்த கிராமத்துப் பெண் ஒருத்தி ஓடும் பெட்டிக்குப் பின்னால் ஓடிவருகிறாள், குழந்தையை வாங்கிக்கொண்டு அவளையும் மேலே இழுத்துப் போடுகிறார்கள். குழந்தை முன்பே செத்துப்போயிருக்கிறது. அவள் சாதாரண மக்கள் இல்லையா?

நோர்வூட் செல்வி
நானும் அந்த ஹாலில் இருந்தேன். எனக்கு மறக்க முடியாதது வேறு ஒன்று.

போர் முடிந்து ஷிவாகோ மாஸ்கோ வீட்டுக்குத் திரும்பி வருகிறார். உள்ளே ஊர்ப்பட்ட சனம். இந்த ஒரே வீட்டில் பதின்மூன்று குடும்பங்கள் இருக்க இடம் இருந்தது என்று குடியிருப்புக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஷிவாகோ ஒரு நொடி யோசித்துவிட்டு, இதுதான் நியாயம் என்கிறார். அந்தப் பெண்ணைக் கடுகடுப்பானவளாகவே படம் காட்டுகிறது. பறிபோன மாடிப்படிக்கும் விளக்குகளுக்கும் நாம் வருத்தப்பட வேண்டும் என்று இசையும் சொல்கிறது.

நான் வளர்ந்தது 10க்கு 12 அடி லயக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில். அப்பா அம்மா, நாங்கள் நாலு பேர், அப்பாயி. அடுப்பு முன்வாசல் இஸ்தோப்பில். மழைக்காலத்தில் தகரத்தில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டி வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் படுப்போம். பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். அதனால் அந்தப் பெண் பேசியபோது ஹாலில் பின்வரிசையிலிருந்த அக்காமார் சிலர் சிரித்துத் தலையாட்டினார்கள். முன்வரிசையில் யாரும் அசையவில்லை. ஒரே படம், ஒரே ஹால். அந்தப் பதின்மூன்று குடும்பங்களும் அதற்கு முன்னால் எங்கே இருந்தன என்று படம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

பதுளை டீச்சர்
செல்வி, நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே வீட்டில்தான் ஷிவாகோ ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, இது டைபஸ் காய்ச்சல் இல்லை, மாஸ்கோவில் இல்லை என்று அதிகாரிகள் சொல்லும் இன்னொரு நோய், பட்டினி, என்கிறார். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தபோது உண்மையைச் சொல்ல ஒரு டொக்டர் இருந்திருந்தால் எவ்வளவு பெரிய காரியம்! புரட்சி நடந்தாலும் அரசு அரசுதான். உண்மையைச் சொல்பவனை அதற்குப் பிடிக்காது. மூல நாவலை எழுதிய பாஸ்டர்நாக்கை 1958இல் நோபல் பரிசை மறுக்க வைத்தார்கள். அந்தப் புத்தகம் சோவியத்தில் அச்சாக 1988 ஆனது. இந்தக் கதையைப் பணக்கார வீட்டுப் புலம்பல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ராகலை சிவா
மூன்று பேருமே ரஷ்யாவை நம்முடைய புரட்சியாக நினைத்துப் பேசுகிறீர்கள். நம் மலைக்கும் புரட்சி வந்தது, 1971 ஏப்ரலில். பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சி இளைஞர்களுக்கு அதற்கு முன்பு ஐந்து வகுப்புகள் நடந்தன. அதில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம், இந்தியா தன் ஆதிக்கத்தை இங்கே பரப்பப் பார்க்கிறது என்ற பாடம். அந்தப் பாடத்தில் தோட்டத் தொழிலாளி கூட்டாளியாக வரவில்லை, இந்தியாவின் கையாளாக வந்தான். 1948இல் நம் ஆட்களின் குடியுரிமை போனது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். நம் தாத்தாமாரைப் புரட்சி கேட்கவில்லை, அரசும் கேட்கவில்லை.

அதனால் நான் டீச்சர் பக்கம். தனக்குச் சம்பந்தமில்லாத முடிவு ஒன்று வந்து ஒருவனைப் பெட்டியில் ஏற்றுகிறது. வைக்கோல் பரப்பிய வண்டியில் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள், கதவைத் திறந்தால் பனிக்கட்டிச் சுவர். அதைப் பார்த்தபோது எனக்கு, இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன கோச்சிதான் ஞாபகம் வந்தது. நம் ஆட்கள் அதை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். பெரியம்மா குடும்பம் அதில் போனது. நம் கதைக்குப் பக்கத்தில் வருவது அந்த ரயில்தான் தம்பி, கொடி பிடித்த ஊர்வலம் இல்லை.

மஸ்கெலியாக்காரன்
சிவா அண்ணே, பெரியம்மாவைப் பெட்டியில் ஏற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் நாம் ஏற்றப்பட்டவர்கள் மட்டும்தானா? முல்லோயாவில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் யார்? 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோகாமல் இருக்க எதிர்த்து நின்று பொலிஸ் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிரை விட்டாரே, அவர் யார்? பாவப்பட்டவர்களாகவே நம்மைக் காட்டிக் காட்டி, எதிர்த்து நின்ற கதை நம் பிள்ளைகளுக்கே தெரியாமல் போய்விட்டது.

படத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். பெரிய அணைக்கட்டில் சுரங்கத்திலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். அதில் ஒரு பெண்ணை அதிகாரி உள்ளே கூப்பிடுகிறார். உன் அப்பா யார், ஷிவாகோவா என்பதுதான் கேள்வி. அந்த அணையில் அவள் என்ன வேலை செய்கிறாள், எவ்வளவு கூலி என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் வற்றினால் கோயில் வெளியே தெரியும். அணைக்கட்டு என்றால் நாங்கள் அதைக் கட்டியவர்களையும் அதற்காக எழும்பிப் போனவர்களையும்தான் முதலில் நினைப்போம்.

பதுளை டீச்சர்
சரி தம்பி, நேராகக் கேட்கிறேன். 1977 டெவனை நீங்கள் படமாக எடுத்தால் கேமராவை எங்கே வைப்பீர்கள்?

மஸ்கெலியாக்காரன்
மலையில், எதிர்த்து நின்றவர்கள் நடுவில். வேறு எங்கே?

பதுளை டீச்சர்
நான் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் வைப்பேன். வேலைக்கு வந்தவர்களின் பேர் போடும் செக்ரோல் கையில், தோட்டத்தை நடத்தும் தொரைக்கும் பயம், சனத்துக்கும் பயம். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற ஒருவனைப் பார்த்தால்தான், அந்த நேரத்தில் எதிர்த்து நிற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பார்ப்பவருக்கு உறைக்கும்.

நோர்வூட் செல்வி
நான் தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் வைப்பேன். ஆயாம்மா மடியில் ஒரு பிள்ளை, தொட்டிலில் நாலு. வெடிச்சத்தம் கேட்கிறது. தாய்மார் எல்லாரும் மலையில். பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் ஓடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

மஸ்கெலியாக்காரன்
அது பால்கனி இல்லை செல்வி, அதை நான் ஒத்துக்கொள்வேன். அந்த ஆயாம்மாவுக்கு ஒரு பெயர் வையுங்கள், பேச வசனமும் கொடுங்கள். டீச்சர், உங்கள் கணக்கப்பிள்ளைக்கு மட்டும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

பதுளை டீச்சர்
சம்மதிக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு வாருங்கள், நேரில் பேசுவோம். டெவன் பக்கத்துப் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், அன்று அங்கே நின்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேட்போம்.