மானாவாரி உருளைக்கிழங்கு: வைக்கோல் மூடாக்கின் மேல் யூரியா இடலாமா?

கேள்வி

பாசன வசதி இல்லாத அரை ஏக்கரில், மழையை மட்டுமே நம்பி உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன். சென்ற பருவத்தில் செடியின் அடியில் மண் அணைத்த கையோடு, மண்ணை மூடும்படி வைக்கோல் மூடாக்கு இட்டேன். ஈரம் நன்றாக நின்றது. ஆனால் இரண்டாம் தவணை யூரியாவை மூடாக்கின் மேலேயே தூவிய பிறகும் இலைகளின் வெளிறல் மாறவில்லை. வைக்கோல் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள். மூடாக்கைக் கைவிடுவதா, உரத்தை மாற்றுவதா, அல்லது கறுப்பு பிளாஸ்டிக் தாளுக்குப் போவதா என்று தெரியவில்லை.

மறுமொழி 1

மூடாக்கைக் கைவிட வேண்டாம். யூரியா விழுந்த இடம்தான் தவறு. பயிர்க்கழிவுகளின் மேல் யூரியேஸ் என்னும் நொதி மிகுதியாக இருப்பதால், ஈரமான வைக்கோலில் விழும் யூரியாவில் ஒரு பகுதி வேரை எட்டும் முன்பே அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடுகிறது. ஓரிரு நாளில் நல்ல மழை பெய்து அதை மண்ணுக்குள் இறக்கினால் தப்பிக்கும். மானாவாரியில் அதற்கு யார் உறுதி தருவார்கள்?

வைக்கோல் தழைச்சத்தை இழுக்கும் என்பதும் பாதி உண்மையே. அதில் கரிமம் (கார்பன்) தழைச்சத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு இருப்பதால், மண்ணோடு கலந்து உழுதால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளும். மேலே பரப்பிக் கிடக்கும்போது மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே அது நடக்கும்.

ஆகவே மணிச்சத்து (பாஸ்பரஸ்) முழுவதையும் தழைச்சத்தில் பாதியையும் நடவின்போதே, விதைக்கிழங்கைத் தொடாமல், சற்றுப் பக்கவாட்டில் கீழே இடுங்கள். மீதியை மண் அணைக்கும்போது மண்ணுக்குள் மூடிவிட்டு, அதன் பிறகே வைக்கோலைப் பரப்புங்கள். இந்தப் பிரிப்பில் மானாவாரிக்காரருக்கு இன்னொரு வசதி உண்டு: மழை பொய்த்து விளைச்சல் குறையும் என்று தெரிந்தால் இரண்டாம் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம். தழைச்சத்து மிகுந்தால் செடி தழைக்குமே தவிர, கிழங்கு பிடிப்பது தள்ளிப்போகும்.

கறுப்புத் தாள் மண்ணைச் சூடாக்கும். கிழங்கு பிடிக்க 15 முதல் 20 பாகை செல்சியஸ் மண்வெப்பமே உகந்தது என்பதால், அது குளிர் மண்ணுக்கு ஏற்றது. மேலும், தாளின் மேல் விழும் மழை துளைகள் வழியாக மட்டுமே உள்ளே போகும். மழையை நம்பும் நிலத்தில் இது பெரிய இழப்பு.

கேள்வி கேட்டவர்

தெளிவாயிற்று, நன்றி. வைக்கோல் எவ்வளவு தேவைப்படும்? தொழுவுரத்தோடு அடுப்புச் சாம்பலையும் இடலாமா?

மறுமொழி 2

ஹெக்டேருக்கு 4 முதல் 6 டன் வைக்கோல் என்பது வழக்கமான அளவு. உங்கள் அரை ஏக்கருக்கு ஏறக்குறைய 1 டன். தொழுவுரம் நன்கு மட்கியதாக இருக்கட்டும், ஏனெனில் பச்சைச் சாணம் கிழங்கின் தோலைச் சொரசொரப்பாக்கும் சொறிநோயைக் கூட்டக்கூடும். சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டுதான், ஆனால் அது சுண்ணாம்பைப் போல மண்ணின் காரத்தன்மையை உயர்த்துவதால் சொறிநோய்க்கு வழி திறந்துவிடும். உருளைக்கிழங்கு சற்று அமில மண்ணை விரும்பும் பயிர். எனவே சாம்பலை வேறு பயிருக்கு வைத்துக்கொண்டு, பொட்டாஷ் உரத்தை அடியுரமாக இடுங்கள். வழக்கமான பொட்டாஷ் உரமான மியூரியேட் ஆப் பொட்டாஷிலுள்ள (பொட்டாசியம் குளோரைடு) குளோரைடு கிழங்கின் மாவுச்சத்தைக் குறைக்கும். வறுவலுக்கு விற்பவர் குளோரைடு இல்லாத சல்பேட் வகைப் பொட்டாஷை வாங்கலாம். வீட்டுச் சமையலுக்கான கிழங்கென்றால் அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

மறுமொழி 3

ஒரு மாற்றுக் கருத்து. நீர் வடியாத களிமண்ணில் தொடர்மழை பெய்தால் இதே மூடாக்கின் அடியில் நத்தைகளும் எலிகளும் குடியேறும். அப்போது வைக்கோலைச் செடி வரிசைகளுக்கு இடையிலுள்ள சால்களுக்கு ஒதுக்கிவிட வேண்டியிருக்கும். இலைகளைக் கருகச் செய்யும் பின்கருகல் நோயையும் மூடாக்கு தடுத்துவிடாது. அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் வைக்கோலை உழுது மடக்கினால், அடுத்து தானியப் பயிரை உடனே விதைக்காமல் ஒரு பயறு வகையை விதையுங்கள். தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.