டேப் எக்கோ வழியாகப் பதிவு செய்யும்போது எழும் இரைச்சலை எங்கே குறைப்பது?

கேள்வி:
1974-இல் முதலில் வெளிவந்த ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ என்ற டேப் எக்கோ கருவி (ஒலியைக் காந்த நாடாவில் பதிந்து, சற்றுத் தாமதித்து ஒலிக்கச் செய்து எதிரொலி உண்டாக்குவது) ஒன்றைப் பழுது நீக்கி வைத்திருக்கிறேன். முன்பே பதிவு செய்த குரலை ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து (கணினிக்கு ஒலியைக் கொண்டுவந்து கொண்டுபோகும் பெட்டி) அதற்கு அனுப்பி, திரும்பி வருவதைத் தனி டிராக்கில் பதிவு செய்கிறேன். ஒலி சிதைந்துவிடுமோ என்ற அச்சத்தால் கருவியின் வியூ மீட்டரின் (ஒலியளவு காட்டி) முள் -20-ஐத் தாண்டாதபடி அனுப்பிவிட்டு, திரும்பி வருவதை மைக் ப்ரீஆம்பில் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) 40 டெசிபல் கூட்டுகிறேன். பாடகி மூச்சு வாங்கும் இடைவெளிகளில் ‘உஸ்’ என்ற இரைச்சலும் அதனடியில் ஒரு ரீங்காரமும் கேட்கின்றன. நாய்ஸ் கேட் (ஒலி ஓரளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடுவது) போட்டால் எதிரொலியின் வால் அறுந்துவிடுகிறது. ப்ரீஆம்பை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
ப்ரீஆம்ப் மீது குற்றமில்லை, நண்பரே. காந்த நாடாவுக்கென்று ஓர் இரைச்சல் உண்டு; நீங்கள் மெல்ல அனுப்பினாலும் உரக்க அனுப்பினாலும் அதன் அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி நாடாவில் பதியும் கணத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதன்பின் நீங்கள் கூட்டும் 40 டெசிபல் இரண்டையும் சேர்த்தே தூக்குகிறது. முள் 0-ஐ ஒட்டி ஆடும்படியும், உரத்த இடங்களில் மட்டும் பீக் விளக்கு சற்றே மினுங்கும்படியும் அனுப்பினால் ஏறத்தாழ 20 டெசிபல் உங்களுக்கு மிஞ்சும். நாடா ஒலியை மெல்ல அமுக்கி வளைக்கும் இயல்புதான் இந்தக் கருவியின் அழகு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பின்புறமுள்ள அவுட்புட் சுவிட்சை உயர் நிலையில் வைத்து, இன்டர்ஃபேஸில் மைக் இன்புட்டை விட்டு, அதிகம் பெருக்கத் தேவையில்லாத சிக்னலுக்கான லைன் இன்புட்டுக்கு வாருங்கள். அங்கே சிக்னல் அளவுக்கு +4 (dBu), -10 (dBV) என்ற தேர்வு இருந்தால் -10 பொருந்தும், அலகுகள் வேறானதால் இரண்டுக்கும் 14 அல்ல, 11.8 டெசிபல் வேறுபாடு.

பதில் 2:
ரீங்காரம் வேறு நோய். ஒலியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள்: 50 ஹெர்ட்ஸில் மேடு எழுந்தால் பெரும்பாலும் எர்த் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைந்து உண்டாகும் வளையம்) அல்லது அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், 100 ஹெர்ட்ஸில் எழுந்தால் கருவியின் மின்வழங்கலில் உள்ள பழைய கெப்பாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் அடங்கினால் லூப் உறுதி. அப்போது ஆடியோவுக்கான 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கருவிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையிலான ஒலி கேபிளில் வையுங்கள். எர்த் பின்னை வெட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கே ஆபத்து என்பதால் தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

பதில் 3:
முதல் பதிலோடு உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாடாவை நிரப்ப வேண்டும் என்பதற்காக, திரும்பி வரும் சிக்னலையும் டிஜிட்டலில் 0 வரை நிரப்பத் தேவையில்லை. 24 பிட் பதிவில் சராசரி -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் உச்சமான 0-க்கு 18 டெசிபல் கீழே) தாராளமாகப் போதும், ஏனெனில் அங்கே ஒலியை எண்களாக்கும் மாற்றியின் இரைச்சல் நாடாவின் இரைச்சலுக்கு மிகக் கீழே கிடக்கிறது. நாய்ஸ் கேட்டைத் திரும்பும் வழியிலிருந்து எடுத்து, அனுப்பும் வழியில் வையுங்கள்: அறையின் இரைச்சல் நாடாவுக்கே போகாது, வாலும் அறுபடாது. எதிரொலி எத்தனை முறை திரும்ப வர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் இன்டென்சிட்டி குமிழைக் கூட்டும்தோறும் நாடாவின் இரைச்சலும் மீண்டும் மீண்டும் பதிவாகும் என்பதையும் கவனியுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. முள்ளை 0-க்குக் கொண்டுவந்து லைன் இன்புட்டுக்கு மாறியதும் ‘உஸ்’ பெருமளவு பின்வாங்கிவிட்டது. சார்ஜரைக் கழற்றியபோது 50 ஹெர்ட்ஸ் மேடும் தணிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் வரை பேட்டரியில்தான் பதிவு செய்யப் போகிறேன்.