பாட்டிக்குப் புதனா, வெள்ளியா?

(வாட்ஸ்அப் புலனக் குழு: ஜெலுத்தோங் இல்லம், பினாங்கு. ஞாயிறு இரவு.)

பெரியம்மா: புதன்கிழமை மாமிக்கு மனநல மருத்துவர் கொடுத்திருக்கும் நேரத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றும்படி யாராவது அழைத்துச் சொல்லுங்கள். புதனன்று பௌர்ணமி. மாமிக்குச் சந்திராஷ்டமமும் சேர்ந்து வருகிறது.

ராஜு சித்தப்பா: இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம், அண்ணி.

மல்லிகா அத்தை: எத்தனை மணிக்கு?

பெரியம்மா: காலை 10 மணிக்கு.

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். உங்கள் அண்ணி சொல்வதை வெறும் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சோதிடத்தில் சூரியனை ஆத்மகாரகன் என்றும் சந்திரனை மனோகாரகன் என்றும் வைத்திருக்கிறார்கள்; மனம் தடுமாறுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது சந்திரன் நிற்கும் இடத்தைத்தான். வைகாசியில் சூரியன் ரிஷபத்தில் இருப்பதால், பௌர்ணமிச் சந்திரன் அதற்கு நேர் எதிரே விருச்சிகத்தில் நிற்கும். அது சந்திரனுக்கு நீச வீடு, அதாவது வலுவிழக்கும் இடம். அம்மாவுக்கு அசுவினி நட்சத்திரம், மேஷ ராசி. மேஷத்திலிருந்து எண்ணினால் விருச்சிகம் எட்டாம் இடம்; சந்திராஷ்டமம் என்பது அதுதான். ஆக, ஒளி நிறைந்த சந்திரன், நீசமாகி, எட்டில் நிற்கிறது. ஏறத்தாழ இரண்டே கால் நாள் இந்த நிலை நீடிக்கும். அதுவரை பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

குகன்: அப்படியானால் நாட்டில் உள்ள மேஷ ராசிக்காரர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் வைகாசிப் பௌர்ணமிக்கு மருத்துவ விடுப்பு எடுக்க வேண்டும், பெரியப்பா. நானும் மேஷம்தான்.

பெரியப்பா: நீ விடுப்பு எடுப்பதற்குப் பௌர்ணமி தேவையில்லை.

ராஜு சித்தப்பா: பட்டர்வொர்த் வீட்டை விற்றபோதும் சந்திராஷ்டமம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம்.

மல்லிகா அத்தை: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், ராஜு.

ராஜு சித்தப்பா: நான் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா.

பெரியப்பா: சோதிடத்தை நம்பாதவர்கள் கடலையாவது நம்ப வேண்டும். கடல் நீரையே மேலே இழுக்கிற சந்திரன், உடம்பில் பாதிக்கு மேல் நீராக இருக்கிற மனிதனைச் சும்மா விட்டுவிடுமா? மாசி, பங்குனி, சித்திரை என்று மூன்று பௌர்ணமிகளிலும் அம்மா இரவெல்லாம் தூங்காமல் அழுததை இந்த வீட்டில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். தொலைவில் இருந்து எழுதுகிறவர்களுக்கு அது தெரியாது.

ஃபெரி மாமா: மச்சான், ஃபெரியில் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த நீரைப் பார்த்தவன் நான். அமாவாசைக்கும் அதேபோல்தான் நீர் ஏறும்.

ஃபெரி மாமா: அமாவாசையில் மாமி நன்றாகத் தூங்குகிறார்.

குகன்: மாமாவின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

தேவி: பெரிய மாமா, நீங்கள் சொல்வதில் ஒரு பகுதிக்கு ஆதாரம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 33 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில், நிலவே தெரியாத அறையில் படுக்கவைத்து எடுத்த பதிவுகளை 2013-இல் வெளியிட்டார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் அவர்கள் சராசரியாக 20 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். ஆழ்ந்த தூக்கமும் குறைந்திருந்தது. 2021-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், அர்ஜென்டினாவின் பழங்குடிக் கிராம மக்களும் அமெரிக்காவின் சியாட்டல் நகர மாணவர்களும் பௌர்ணமிக்கு முந்தைய இரவுகளில் தாமதமாகவே படுத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: இதைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேவி: இன்னும் முடிக்கவில்லை, மாமா. பௌர்ணமியில் மனநோய் முற்றும், குற்றங்கள் பெருகும் என்பதற்கு அப்படி ஆதாரம் கிடைக்கவில்லை. 1985-இலேயே ராட்டன், கெல்லி என்ற இருவர் 37 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, சொல்லும்படியான தொடர்பு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எங்கள் வார்டிலும் பௌர்ணமி வந்தால் மூத்த தாதிகள் இன்று நமக்கு ஓய்வில்லை என்பார்கள். மற்ற இரவுகளில் மட்டும் ஓய்வு கிடைத்தது போல! பாசலில் குறைந்த தூக்கம் 20 நிமிடம்தான். பாட்டி இரவு முழுவதும் விழித்திருக்கிறார். மீதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

மல்லிகா அத்தை: அப்பா போனது பௌர்ணமியில்.

மல்லிகா அத்தை: தைப்பூசத்தன்று.

மல்லிகா அத்தை: ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மாதத் திதி என்று விடியற்காலையிலேயே அப்பா படத்துக்கு முன்னால் அம்மாவை உட்காரவைக்கிறோம். அழாமல் என்ன செய்வார்?

ராஜு சித்தப்பா: இதை நான் யோசிக்கவே இல்லை.

தேவி: இன்னொன்றும் உண்டு. பாட்டி அன்று விரதம் இருக்கிறார். நிலவைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுகிறார். ஆனால் சர்க்கரை மாத்திரையைக் காலையிலேயே வழக்கம்போல் போட்டுக்கொள்கிறார். சித்ரா பௌர்ணமியன்று மாலை நான் வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை, என்னையே யார் என்று கேட்டார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு 3.4 mmol/L. நான்குக்குக் கீழே இறங்கினாலே படபடப்பு, பயம், குழப்பம் எல்லாம் வரும். அரை டம்ளர் சீனித் தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஏன் இப்படி மெலிந்துவிட்டாய் என்று திட்டினார்.

பெரியம்மா: அப்படியென்றால் நான் மாமியைக் கவனிக்கவில்லை என்று சொல்கிறாயா, தேவி?

தேவி: ஐயோ, இல்லை அத்தை.

பெரியம்மா: விரதம் வேண்டாம் என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? நாற்பது வருடம் இருந்த விரதத்தை விடமாட்டேன் என்கிறார். பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

ஃபெரி மாமா: அது உண்மை.

தேவி: மாத்திரையை நாமாகவே நிறுத்தவும் கூடாது. விரதம் இருப்பதைச் சொல்லி என்ன செய்யலாம் என்று சர்க்கரை மருத்துவரிடம் கேட்போம். இரவில் வரும் அழுகைக்கு மனநல மருத்துவர் தனி. தாத்தா போய் நான்கு மாதம்தான் ஆகிறது. பாட்டிக்கு யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கும். அதனால்தான் புதன்கிழமையை விட வேண்டாம் என்கிறேன்.

பெரியம்மா: பக்கத்து வீட்டில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கா என்று கேட்கிறார்கள்.

ராஜு சித்தப்பா: கேட்டால் கேட்கட்டும், அண்ணி.

பெரியப்பா: எனக்கும் அம்மா மருத்துவரைப் பார்ப்பதில் மறுப்பு இல்லை. ஆனால் புதன்கிழமை காலை 10 மணிக்குத்தான் திதி கொடுக்க ஐயர் வருகிறார். அவருக்கு அன்று வேறு மூன்று வீடுகள் இருப்பதால் நேரத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். மூத்த மகன் என்ற முறையில் நான் மனையில் உட்கார்ந்தாக வேண்டும். வீட்டில் மகிழுந்து ஓட்டத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான்.

ராஜு சித்தப்பா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இதற்கா விருச்சிகம் வரைக்கும் போனீர்கள்?

குகன்: எட்டாம் வீட்டில் நிற்பது சந்திரன் அல்ல, ஐயர்.

பெரியப்பா: குகன், அளவோடு பேசு. விருச்சிகமும் உண்மை, ஐயரும் உண்மை.

மல்லிகா அத்தை: எங்கள் மகிழுந்து பட்டறையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னார்கள்.

ஃபெரி மாமா: போன செவ்வாயும் அப்படித்தான் சொன்னார்கள்.

ராஜு சித்தப்பா: நான் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வர வேண்டுமானால் செவ்வாய் இரவே கிளம்ப வேண்டும். மேலாளரிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

தேவி: எனக்குச் செவ்வாய் இரவுப் பணி. முடித்துவிட்டு நேராக வந்து அழைத்துப் போகிறேன், தூக்கக் கலக்கத்தில் ஓட்டினால் பரவாயில்லை என்றால்.

மல்லிகா அத்தை: நீ ஓட்ட வேண்டாம்.

பெரியம்மா: அப்பா திதியை விட்டுவிட்டு மாமி வீட்டை விட்டுக் கிளம்புவாரா என்றும் யோசியுங்கள்.

பெரியப்பா: எதற்கும் நாளை மருத்துவமனையை அழைத்துப் பேசிப் பார்க்கிறேன். ஆனால் நாளை திங்கள்கிழமை. தமிழ்நாட்டு நாட்காட்டியில் ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று போட்டிருக்கும். அது ஆறு மணிக்குச் சூரிய உதயம் என்று வைத்துப் போட்ட கணக்கு. பினாங்கில் இப்போது சூரியன் ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. அதன்படி நமக்கு ராகு காலம் 10 மணியைத் தாண்டித்தான் முடியும். அதன் பிறகு அழைக்கிறேன்.

ராஜு சித்தப்பா: 10 மணிக்கு மேல் அந்த எண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள், அண்ணன்.

தேவி: நான் 8 மணிக்கே அழைத்துவிடுகிறேன். புதனா, வெள்ளியா என்று மட்டும் அதற்குள் சொல்லிவிடுங்கள்.

மல்லிகா அத்தை: புதன்.

பெரியம்மா: வெள்ளி.